விநாடிக்கு 7, விநாடிக்கு 65,000: எங்கே நின்று எண்ணுகிறோம்? (ஆர்டிஜிஎஸ், யுபிஐ, பிட்காயின் கொள்ளளவுக் கணக்கு)

#1 கல்லாப்பெட்டி

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. விசா விநாடிக்கு 65,000 பரிவர்த்தனை, சோலானா 65,000, யுபிஐ 7,500, எத்தீரியம் 15, பிட்காயின் 7 (சோலானா, எத்தீரியம் இரண்டும் பிட்காயின் மாதிரி கிரிப்டோ வலையமைப்புகள்). அடியில் "இதை வைத்து டீக்கடை கூட நடத்த முடியாது" என்று ஒரு வரி. எதிர்த்தரப்பிலிருந்து இன்னொரு படம்: "ஆர்டிஜிஎஸ் செய்யும் வேலையைப் பிட்காயின் ஏற்கெனவே செய்கிறது."

இரண்டில் எது சரி? இந்த எண்கள் எந்தக் கணக்கிலிருந்து வருகின்றன? "எதிர்காலம் கிரிப்டோதான்", "எல்லாம் மோசடி" ரகப் பதில்கள் வேண்டாம். எண்ணோடு பேசுபவர்கள் மட்டும் வாருங்கள்.

#2 தீர்வுக்கணக்கு

முதல் படத்தின் கோளாறு எண்களில் இல்லை. ஐந்தையும் ஒரே பட்டியலில் போட்டதுதான் கோளாறு.

கடையில் கார்டைத் தேய்த்ததும் "அப்ரூவ்டு" என்று வருகிறதே, அந்த நொடியில் பணம் எங்கும் போகவில்லை. "இவர் கணக்கில் இவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறேன்" என்று ஒரு வங்கி இன்னொன்றுக்குச் சொன்ன வாக்குறுதி அது. கடைக்காரர் கணக்குக்குப் பணம் வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதன் பிறகும் மாதக்கணக்கில் சார்ஜ்பேக் (வாடிக்கையாளர் புகாரின்பேரில் பணத்தைத் திரும்ப எடுப்பது) வரலாம். விசா சொல்லும் 65,000 என்பது வலையமைப்பு தாங்கக்கூடிய 'மெசேஜ்' எண்ணிக்கை. உண்மையில் 2024 நிதியாண்டில் விசா கையாண்டவை சுமார் 23,380 கோடி பரிவர்த்தனைகள். ஆண்டின் விநாடிகளால் வகுத்தால் சராசரி 7,400.

யுபிஐ 2025 ஆகஸ்டில் முதல் முறையாக மாதம் 2,000 கோடியைத் தாண்டியது. 31 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 64.5 கோடி, விநாடிக்கு ஏறத்தாழ 7,470. படத்தில் உள்ள 7,500 இதுதான். ஆக, விசாவுக்கு உச்சக் கொள்ளளவையும் யுபிஐக்கு நாள் முழுதுக்குமான சராசரியையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சராசரியோடு சராசரியை வைத்தால் இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன.

ஆர்டிஜிஎஸ் வேறு சாதி. ரிசர்வ் வங்கியில் வங்கிகள் வைத்திருக்கும் கணக்குகளுக்கு இடையே, ஒவ்வொரு பரிவர்த்தனையும் தனித்தனியாக, முழுத் தொகையும் நகர்கிறது. நகர்ந்தால் நகர்ந்ததுதான்; 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதை இறுதியாக்குகிறது. 2024-25இல் சுமார் 30 கோடி பரிவர்த்தனைகள், மதிப்பு 2,000 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நாளுக்கு 8.2 லட்சம், விநாடிக்கு 9.5 சொச்சம். ஒரு பரிவர்த்தனையின் சராசரித் தொகை 66 லட்சம்.

பிட்காயினின் 7ஐ இந்த 9.5க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஆர்டிஜிஎஸ்ஸான ஃபெட்வயரும் நாளுக்குப் பத்து லட்சத்துக்குள்தான். இரண்டாவது படத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

#3 சந்தேகசாமி

நில்லுங்க சார். அதே தப்பை நீங்களும் பண்றீங்க. ஆர்டிஜிஎஸ்ஸோட 9.5 அதன் *தேவை*. பிட்காயினோட 7 அதன் *கூரை*. நாளைக்கே குறைந்தபட்சத் தொகை 2 லட்சம்கிறதை ரிசர்வ் வங்கி எடுத்துட்டா ஆர்டிஜிஎஸ் பரிவர்த்தனை பல மடங்கு ஏறும், சர்வர் கூட்டுவாங்க, முடிஞ்சது. பிட்காயின்ல சர்வர் கூட்டினா ஒண்ணும் ஏறாது. காலியா ஓடுற பஸ்ஸையும் புட்போர்டுல தொங்கிட்டுப் போற பஸ்ஸையும் "ரெண்டுலயும் 40 பேர்தான்"னு சொல்ற மாதிரி இருக்கு இது.

#4 தீர்வுக்கணக்கு

நியாயம். ஒப்புக்கொள்கிறேன், 9.5 பயன்பாடுதான், கொள்ளளவு இல்லை. ஆனால் ஆர்டிஜிஎஸ்ஸின் கூரை சர்வரில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் கூரை ரொக்கத்தில் இருக்கிறது.

'அ' வங்கி 'ஆ'வுக்கு 500 கோடி தர வேண்டும், 'ஆ' 'இ'க்கு 500 கோடி, 'இ' 'அ'வுக்கு 500 கோடி. மூன்று பேர் கணக்கிலும் 100 கோடிதான் இருக்கிறது. கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும் மூன்றும் வரிசையில் நிற்கும். இதைத்தான் முட்டுக்கட்டை என்பார்கள். வெளியே வர இரண்டு வழி. ஒன்று, அரசுப் பத்திரங்களை அடகு வைத்து ரிசர்வ் வங்கியிடம் பகலுக்குள் திருப்பித்தரும் கடன் வாங்குவது. மற்றொன்று, வரிசையில் நிற்பவற்றை மென்பொருளே ஒன்றோடொன்று கழித்து ஒரே நேரத்தில் தீர்ப்பது. எந்த வங்கிக்கும் முதலில் அனுப்ப மனசு வராது. எதிராளி பணம் வரட்டும், அதை வைத்து அனுப்பலாம் என்றே உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் அப்படியே உட்கார்ந்தால் மாலையில் நெரிசல்.

#5 மெம்பூல்வாசி

பிட்காயினின் 7 எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை, அதையும் போட்டுவிடுகிறேன்.

பிட்காயின் பரிவர்த்தனைகள் பிளாக் எனும் கட்டுகளாகத்தான் சங்கிலியில் (பொதுப் பேரேட்டில்) ஏறும். சராசரியாக 600 விநாடிக்கு ஒரு பிளாக். பழைய வரம்பு ஒரு பிளாக்குக்கு 10 லட்சம் பைட். ஒரு உள்ளீடு (செலவழிக்கும் காசு), இரண்டு வெளியீடு (பெறுபவருக்கு ஒன்று, மீதிப்பணம் ஒன்று) கொண்ட பழைய பாணிப் பரிவர்த்தனை சுமார் 226 பைட்.

10,00,000 ÷ 226 = 4,424. அதை 600ஆல் வகுத்தால் விநாடிக்கு 7.4.

2017 ஆகஸ்டில் செக்விட் என்ற விதிமாற்றம் வந்த பிறகு இந்தக் கணக்கு செல்லாது. இப்போதைய வரம்பு 40 லட்சம் எடை அலகு, அதாவது 10 லட்சம் மெய்நிகர் பைட். கையொப்பப் பகுதிக்கு நாலில் ஒரு பங்குதான் கணக்கு. அதே பரிவர்த்தனை செக்விட் முகவரியில் 141 மெய்நிகர் பைட். 10,00,000 ÷ 141 ÷ 600 = 11.8. ஏட்டுக்கணக்குதானே என்று தள்ளிவிட வேண்டாம். 2024 ஏப்ரலில், நான்காவது ஹாவிங்கை (பிளாக் உருவாக்குபவர்களின் வெகுமதி பாதியாவது) ஒட்டி ரூன்ஸ் என்ற டோக்கன் மோகம் கிளம்பியபோது ஒரே நாளில் 9 லட்சத்துக்கு மேல் பதிவானது. விநாடிக்கு 10ஐத் தாண்டுகிறது.

அதைவிட முக்கியம்: பரிவர்த்தனை வேறு, பட்டுவாடா வேறு. ஒரு எக்ஸ்சேஞ்ச் நூறு பேருக்கு அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். தனித்தனியாக என்றால் 100 × 141 = 14,100 மெய்நிகர் பைட். ஒரே பரிவர்த்தனையில் கட்டினால் தலைப்பு 10.5, உள்ளீடு 68, மீதிப்பணத்தோடு சேர்த்து 101 வெளியீடு × 31. மொத்தம் சுமார் 3,210. கால்பங்குக்கும் கீழே. இரண்டையும் டிபிஎஸ்ஸில் (விநாடிக்கு எத்தனை பரிவர்த்தனை என்பதில்) எண்ணினால் முதலாவது 100, இரண்டாவது 1. அதாவது திறமையாக அனுப்ப அனுப்ப டிபிஎஸ் குறைகிறது!

#6 இணைவிசை

நூறைக் கட்டி அனுப்புவதில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும். கட்டணத்தைக் குறைத்து வைத்துவிட்டால் நூறு பேருடைய பணமும் சேர்ந்தே மாட்டும். கட்டணத்தை ஏற்றி மாற்றுப் பரிவர்த்தனை அனுப்பலாம் என்று பார்த்தால், அதற்குள் நூறில் பத்துப் பேர் உறுதியாகாத அந்தப் பணத்தை மேற்கொண்டு செலவழித்திருப்பார்கள். புதியது உள்ளே நுழைய, அந்தப் பிள்ளைப் பரிவர்த்தனைகளின் கட்டணத்தையும் சேர்த்துத் தாண்ட வேண்டும். போதாக்குறைக்கு ஹாட் வாலட்டின் (அன்றாடம் அனுப்ப இணையத்தோடு இணைந்தே இருக்கும் பணப்பை) மீதிப்பணம் ஒரே சங்கிலியில் தொங்கினால், உறுதியாகாத பரிவர்த்தனைகள் 25 வரைதான் தொடரலாம் என்று பிட்காயின் கோர் மென்பொருளில் நெடுங்காலம் இருந்த வரம்பில் போய் முட்டும். அதனால்தான் விவரமானவர்கள் வாலட்டில் ஒரே பெரிய காசாக வைக்காமல் முப்பது நாற்பது துண்டாக உடைத்து வைக்கிறார்கள்.

இன்னொன்று, "பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக்" என்பது சராசரிதான். பிளாக் வருவது பஸ் கால அட்டவணை மாதிரி அல்ல, மழைத்துளி மாதிரி. இடைவெளி 30 நிமிடத்தைத் தாண்ட வாய்ப்பு 5 சதவீதம். நாளுக்கு 144 பிளாக் என்றால் ஏழு தடவை நடக்கும். ஒரு மணி நேரத்தைத் தாண்ட 0.25 சதவீதம், மூன்று நாளுக்கு ஒரு தடவை. அந்த ஒரு மணி நேரத்தில் டிபிஎஸ் சுழியம். "நெட்வொர்க் நின்றுவிட்டது" என்று அலறுபவர்களில் பலர் பார்த்தது இதைத்தான்.

#7 சந்தேகசாமி

சரி, பிளாக்கைப் பெருசாக்கினா என்ன? 2017லயே பிட்காயின் கேஷ் அதைத்தானே செஞ்சது?

#8 மெம்பூல்வாசி

செய்தது. 8 எம்பியில் ஆரம்பித்து 2018இல் 32 எம்பி. யுபிஐ அளவுக்கு எவ்வளவு வேண்டும் என்று போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 7,470 பரிவர்த்தனை, தலா 250 பைட் என்றால் ஒரு பிளாக் 1,120 எம்பி. நாளுக்கு 161 ஜிபி. ஆண்டுக்கு 59 டிபி. 2009 முதல் 2025 வரை பிட்காயின் சங்கிலி மொத்தமும் சேர்ந்தே 1 டிபிக்குள். யுபிஐயை அதன்மேல் ஏற்றினால் பதினாறு வருடச் சங்கிலியை ஒரு வாரத்துக்குள் தாண்டிவிடும்.

சேமிப்பு வட்டு மலிவுதான், அது பிரச்சினை இல்லை. கையொப்பம் சரிபார்ப்பதும் பிரச்சினை இல்லை. ஒரு கையொப்பத்துக்குச் சில பத்து மைக்ரோவிநாடிதான், சாதாரண கணினியின் ஒரு கோரே விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பார்த்துவிடும். இடிப்பது பரவல். புதிய பிளாக் உலகம் முழுக்கப் போய்ச் சேரத் தாமதமானால், அந்த இடைவெளியில் மற்ற மைனர்கள் (பிளாக் உருவாக்குபவர்கள்) பழைய பிளாக்கின் மேலேயே வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்கள் கண்டுபிடிப்பது வீணாகும். பெரிய மைனருக்குத் தன் பிளாக் தன்னிடமே உடனே தெரியும், சிறியவருக்குத் தெரியாது. பிளாக் பெருக்கப் பெருக்கப் பெரியவர் கை ஓங்கும். கடைசியில் நாலு டேட்டா சென்டர் மட்டும் சரிபார்க்கும் ஒரு வலையமைப்பு கிடைக்கும். அதற்குப் பேசாமல் வங்கியே போதும்.

#9 கல்லாப்பெட்டி

எத்தீரியத்துக்கு 15, சோலானாவுக்கு 65,000 என்பது?

#10 இணைவிசை

எத்தீரியத்தில் பைட்டுக்குப் பதில் 'கேஸ்', அதாவது ஒவ்வொரு செயலுக்கும் பிடிக்கும் கணிப்பு வேலையின் அலகு. 12 விநாடிக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான இடம்). நெடுநாள் 3 கோடியாக இருந்த கேஸ் வரம்பு 2025 தொடக்கத்தில் 3.6 கோடி ஆனது, அந்த ஆண்டு முடிவதற்குள் 6 கோடியைத் தொட்டது. வெறும் ஈதர் அனுப்ப 21,000 கேஸ். 6 கோடியில் 2,857 அடங்கும், விநாடிக்கு 238. டோக்கன் அனுப்ப 65,000 என்று வைத்தால் 77. பரிமாற்றச் சந்தையில் ஒரு ஸ்வாப் (ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்று வாங்குவது) 1,50,000 என்றால் 33. ஒரே இயந்திரம், என்ன சரக்கு ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து ஏழு மடங்கு வித்தியாசம். 15 என்பது பழைய வரம்பில், கலவையான உபயோகத்தில் கிடைத்த சராசரி.

பிளாக்கில் ஏறியதும் முடிந்ததாகாது. இனி மாறாது என்ற இறுதியாக்கத்துக்கு இரண்டு எபோக் (பல ஸ்லாட் கொண்ட சுற்று), சுமார் 12.8 நிமிடம். 2023 மே 11ஆம் தேதியும் மறுநாளும் அந்த இறுதியாக்கமே தடுமாறியது. முதல் தடவை 25 நிமிடம் போல, இரண்டாம் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல். பிளாக்குகள் வந்துகொண்டேதான் இருந்தன. டிபிஎஸ் மீட்டரை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

சோலானாவின் 65,000 ஏட்டில் உள்ளது. நேரலைப் பலகையில் காட்டும் ஆயிரக்கணக்கிலும் பெரும்பகுதி வேலிடேட்டர்கள் (பிளாக்கைச் சரிபார்ப்பவர்கள்) போடும் வாக்குகள். ஆயிரம் வேலிடேட்டர், 0.4 விநாடிக்கு ஒரு ஸ்லாட், ஆளுக்கொரு வாக்கு என்றால் அதுவே விநாடிக்கு 2,500. அவற்றைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும். 2021 செப்டம்பரில் பாட்களின் (தானியங்கி நிரல்களின்) வெள்ளத்தில் 17 மணி நேரம் நின்றது, 2024 பிப்ரவரி 6இல் ஏறத்தாழ 5 மணி நேரம்.

#11 தீர்வுக்கணக்கு

நின்றுபோவதில் வங்கிப் பக்கமும் சுத்தம் இல்லை. யுபிஐயில் ஒரு பரிவர்த்தனை என்பது ஒரு மெசேஜ் அல்ல. அனுப்புபவரின் ஆப் பக்கம், பெறுபவரின் ஆப் பக்கம், பணம் கழியும் வங்கி, பணம் சேரும் வங்கி என நான்கு பேரிடம் நடுவில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ போய்வர வேண்டும். எட்டு மெசேஜ் என்று குறைவாக வைத்தாலும் 7,470 × 8, சராசரியே விநாடிக்கு 60,000 கிட்ட. நான்கில் எது நொண்டினாலும் மொத்தமும் நொண்டும். சம்பள நாளிலோ காலாண்டு வட்டி போடும் இரவிலோ ஒரு வங்கியின் கோர் பேங்கிங் (கணக்குகளை வைத்திருக்கும் மைய மென்பொருள்) மந்தமானால் 'டெக்னிக்கல் டிக்ளைன்' (தொழில்நுட்பக் கோளாறால் தோற்பவை) ஏறுவது இதனால்தான்.

2025 ஏப்ரல் 12 விஷயம் இன்னும் சுவாரசியம். அன்று யுபிஐயை அடைத்தது பணம் அனுப்பும் வேலை இல்லை, "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?" என்று வங்கிகள் திரும்பத் திரும்பக் கேட்ட நிலை விசாரிப்புகள். அதற்குப் பிறகுதான் 2025 ஆகஸ்ட் 1 முதல் கட்டுப்பாடு வந்தது: இருப்பு பார்ப்பது ஓர் ஆப்பில் நாளுக்கு 50 தடவை, பென்டிங் நிலையை மூன்று தடவைதான் கேட்கலாம், நடுவே 90 விநாடி இடைவெளி, ஆட்டோபே எல்லாம் நெரிசல் இல்லாத நேரத்தில். கொள்ளளவு கூட்டுவது என்றால் சர்வர் வாங்குவது மட்டுமில்லை, வீண் கேள்வியை நிறுத்துவதும்தான்.

இப்போது #1க்கு என் முழுப் பதில். இத்தனை யுபிஐயும் ரிசர்வ் வங்கியில் எத்தனை பதிவாகப் போய் இறங்குகிறது? என்பிசிஐ நாளுக்குப் பத்துச் சுழற்சியில் கூட்டிக் கழித்து, ஒவ்வொரு வங்கிக்கும் நிகரத் தொகை ஒன்று போடுகிறது. யுபிஐயில் உள்ள வங்கிகள் 700ஐ ஒட்டி. எல்லோரும் நேரடியாகத் தீர்க்கிறார்கள் என்று கூடுதலாகவே வைத்தாலும் 7,000 பதிவு. 64.5 கோடி, 7,000 ஆகச் சுருங்குகிறது. பிட்காயின் பிளாக்கில் போட்டால் இரண்டு பிளாக்கில் அடங்கிவிடும் எண்ணிக்கை அது.

#12 சந்தேகசாமி

இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்! ஆனா அந்தச் சுருக்கம் சும்மா வரலை. பெறுபவர் வங்கி, பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாடிக்கையாளருக்கு வரவு வெச்சுடுது. நடுவுல அனுப்பிய வங்கி கவிழ்ந்தா? அதுக்குத்தான் ஒவ்வொரு வங்கிக்கும் நிகரப் பற்று வரம்பு (கூட்டிக் கழிச்சுத் தர வேண்டியது இதைத் தாண்டக்கூடாதுங்கிறது), பின்னாடி உத்தரவாத நிதி, அதுக்கும் பின்னாடி சட்டம். 1974ல ஜெர்மனியில ஹெர்ஸ்டாட் வங்கியை வேலை நேர முடிவுல மூடினாங்க. ஜெர்மன் மார்க்கை வாங்கிக்கிட்டாங்க, நியூயார்க்ல டாலர் தரலை. "கழிச்சுக்கலாம், அப்புறம் தீர்த்துக்கலாம்"கிறதோட விலை அது.

#13 மெம்பூல்வாசி

அதே சுருக்கத்தை எக்ஸ்சேஞ்சுகளும் செய்கின்றன. இரண்டு வாடிக்கையாளருக்கு இடையே நடப்பது அவர்களுடைய தரவுத்தளத்தில் ஒரு வரி, சங்கிலிக்கு வருவதே இல்லை. வித்தியாசம், அங்கே உத்தரவாத நிதியும் இல்லை, 23ஆம் பிரிவும் இல்லை.

நம்பிக்கை வைக்காமல் சுருக்குவதற்கு வந்ததுதான் லைட்னிங். இருவர் சங்கிலியில் பணம் பூட்டி ஒரு சானல் திறக்கிறார்கள். உள்ளே எத்தனை தடவை வேண்டுமானாலும் கைமாற்றலாம். மூடும்போது கடைசி நிலுவை மட்டும் சங்கிலிக்கு வரும். "வரம்பற்ற டிபிஎஸ்" என்பது விளம்பரம். சானலில் 10 லட்சம் சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய சில்லறை) இருந்து, எல்லாம் எதிராளி பக்கம் போய்விட்டால் நீங்கள் அனுப்ப ஒன்றும் இருக்காது. #4இல் சொன்ன அதே ரொக்க நெருக்கடி இங்கே உடை மாற்றிக்கொண்டு வருகிறது. சானல் திறக்கவும் சங்கிலியில் இடம் வேண்டும். நூறு கோடிப் பேர் ஆளுக்கொரு சானல், நாளுக்கு 6 லட்சம் திறப்பு என்றால், வேறு யாரும் பயன்படுத்தாமல் இருந்தாலே 1,667 நாள். நாலரை வருடம்.

#14 இணைவிசை

நம்ம ஊர் லைட்னிங் என்றால் யுபிஐ லைட்தான். 5,000 ரூபாய் வரை முன்கூட்டியே ஒதுக்கி, ஆயிரத்துக்கு உட்பட்ட செலவுகளை ரகசிய பின் எண் இல்லாமல் அதிலிருந்து கழிப்பது. ஒவ்வொரு டீக்கும் கோர் பேங்கிங்கை எழுப்ப வேண்டியதில்லை. பாஸ்புக்கில் பத்து ரூபாய் வரிகளும் குவியாது. நம்பும் ஆள் வேறு, உத்தி ஒன்றே: சில்லறையைப் பெரிய பேரேட்டுக்கு அனுப்பாதே.

#15 கல்லாப்பெட்டி

நன்றி. கடைசியாக ஒன்று. பிட்காயினிலோ யுபிஐயிலோ பணம் 'பென்டிங்' என்று மாட்டினால் செய்ய வேண்டியது?

#16 மெம்பூல்வாசி

பிட்காயினில் பதற்றத்தில் இன்னொரு தடவை அனுப்பாதீர்கள். வாலட் வேறு காசை எடுத்தால் இரண்டுமே போய்ச் சேர்ந்துவிடும். அனுப்பியவர் என்றால் அதே உள்ளீட்டை வைத்துக் கட்டணம் ஏற்றி மாற்று அனுப்புங்கள். பெறுபவர் என்றால், வந்துகொண்டிருக்கும் பணத்தையே உயர்ந்த கட்டணத்தில் உங்களுக்கு நீங்களே அனுப்புங்கள். பிள்ளையின் கட்டணத்துக்காக மைனர் தாயையும் சேர்த்து எடுப்பார். ஒன்றும் செய்யாமல் விட்டால், வழக்கமான அமைப்பில் 14 நாள் கழித்து நோட்கள் (வலையமைப்பின் கணினிகள்) அதை மெம்பூலிலிருந்து (உறுதியாகாதவை காத்திருக்கும் இடம்) கைவிடும். அதற்கு முன்பே மெம்பூல் 300 எம்பியில் நிரம்பினால் குறைந்த கட்டணத்தில் இருப்பவை முதலில் வெளியேறும்.

#17 தீர்வுக்கணக்கு

யுபிஐயில் கணக்கிலிருந்து கழிந்து எதிராளிக்குப் போகவில்லை என்றால், ஆளுக்கு ஆள் அனுப்பியது மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது ஐந்து நாளுக்குள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை இது. கேட்காமலே தர வேண்டியது. கேட்க வேண்டி வந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

#18 சந்தேகசாமி

ஆர்டிஜிஎஸ்னா அந்த எண் 22 எழுத்து, நெஃப்ட்னா 16. மாத்திக் கொடுத்துட்டு "கிடைக்கலைன்னு சொல்றாங்க"ன்னு இங்க வந்து புலம்பக்கூடாது.